ஐந்தாவது தாள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் பல் செட் செய்து பிழைப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் வாயின் அச்சை வைத்துப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருப்பவனுக்குக் கற்பனை எங்கிருந்து வரும்? பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால், "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிற ஆள் நான். எனக்குத்தான் இது நடந்தது. மண்டபம் நிறைய ஜனம் பார்க்க நடந்தது.

எங்கள் ஊரில் ஒரு ஆர்கெஸ்ட்ரா உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆசைக்கு வாசிப்பதுதான். பஸ் டிரைவர் ட்ரம்பெட் ஊதுவார். நர்சம்மா புல்லாங்குழல். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் குச்சியோடு முன்னால் நின்று நடத்துவார். வயலின் வரிசையில் கடைசி ஸ்டாண்டு எனக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கும். அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

இசைத்தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரே நோட்ஸ். தாள் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தித் திருப்புவார். வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். அதுதான் வழக்கம். எங்களில் திருப்புகிறவர் மச்சான். திருப்பும் முன் தாளின் மூலையை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். டிக்... டிக். "ஏன் மச்சான் உயிரை வாங்குறீங்க?" என்பேன். சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை.

தங்கை இடிந்து போனாள். என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை, பேச்சு இல்லை. எங்கே அவர் பின்னாலேயே போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் அறைக் கதவில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான் படுக்கப் போவேன். அப்புறம் ஒருநாள், அவளோடு கொண்டுவந்த பியானோ முன் தானாகவே உட்கார்ந்தாள்; மெட்டுப் போடுவது அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம். எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்காகப் புதிதாக ஒன்று எழுத ஆரம்பித்தாள். முடிவை மட்டும் எழுதி எழுதிக் கிழித்தாள். கிழித்தால் கிழிக்கட்டும், மறுபடி சாப்பிட ஆரம்பித்திருந்தாளே! எனக்கு அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சேரி. முதல் பாதியில் பழைய மேதைகளின் படைப்புகள் இரண்டு. இடைவேளைக்குப் பிறகு என் தங்கையுடையது; முடிவு சரிவராமல் நான்கு தாளோடு நிறுத்தியிருந்தாள்.

மேடையில் நாற்காலிகளை ஜோடி ஜோடியாகப் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்ததை நானே தூக்கிப் போய்த் திரைக்குப் பின்னால் வைத்தேன். மச்சான் போன பிறகு நான் தனி ஆள்தான். முதல் பாதி ஒழுங்காகப் போனது. ஓரிடத்தில் பஸ் டிரைவர் பிரேக் பிடிக்காமல் எங்களை முந்திக்கொண்டு போனார். மற்றபடி மானம் தப்பியது.

இடைவேளை முடிந்து வந்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தது.

"யாருப்பா இதைக் கொண்டுவந்து போட்டது?"

முன்னால் இருந்த வயலின்காரர் உதட்டைப் பிதுக்கினார். வாத்தியார் மேடை ஏறிவிட்டார். பேச நேரமில்லை, உட்கார்ந்தேன். ஸ்டாண்டும் தாழ்ந்திருந்தது. நான் நெட்டை. மச்சான் குள்ளம். அது அவருக்கான உயரம்.

மணி 7.10. வாத்தியார் குச்சியைத் தூக்கினார்.

முதல் தாளின் கடைசி வரி. திருப்புவதற்காக வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கப் போனேன்.

டிக்... டிக்.

தாள் திரும்பியது.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டேன். மேலே பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை. இடது பக்கம் மட்டும் சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தைரியம் வரவில்லை.

இரண்டாவது தாள். டிக்... டிக்.

மூன்றாவது தாள். இருமல் மிட்டாய் வாசனை... மச்சான் எந்நேரமும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பாரே, அதே மிட்டாய்.

நான்காவது தாளோடு முடிகிறது. முடிந்தது. வாத்தியார் குச்சியை இறக்கினார். எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

டிக்... டிக்.

ஐந்தாவது தாள்.

அப்படி ஒரு தாளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் என் கை வாசித்தது. நிறுத்தப் பார்த்தேன்... முடியவில்லை. பக்கத்து அறையிலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு மெட்டு. மெதுவாக... திரும்பத் திரும்ப...

முன்வரிசையில் தங்கை எழுந்தாள்.

மேடைப் படியை நோக்கி நடந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு.

என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

என் பக்கத்து நாற்காலியை...

முதல் படி. இரண்டாம் படி.

தாளில் இன்னும் ஒரு ஸ்வரம். ஒன்றே ஒன்று.

காலால் ஸ்டாண்டை எட்டி உதைத்தேன்.

தடால்!

தாள்கள் பறந்தன. வில் கையை விட்டு விழுந்தது. தங்கை படியிலேயே நின்றுவிட்டாள், தூக்கத்திலிருந்து விழித்தவள் மாதிரி. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதுதான் முடிவு என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

தாள்களைப் பொறுக்கினேன். நான்குதான் இருந்தன. மேடை முழுக்கத் தேடிவிட்டேன். நான்குதான்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்த முடிவு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ எழுதினதுதானே பாப்பா?"

"அதை யாருக்கும் காட்டலை. கனவுல அவர் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் எழுதிட்டு, பயந்து போய்க் கிழிச்சிடுவேன்."

"என்ன பயம்?"

"மெட்டு கடைசி ஸ்வரம் வரைக்கும் வந்தா, என்னை வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்."

அன்றைக்கே வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சாக்கடையில் போட்டேன். இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

நேற்று காலை. வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. பல் செட் ஒன்றை ராவிக்கொண்டிருந்தேன். யாரோ மெட்டு முனகுகிற சத்தம் கேட்டது. தங்கைதான் என்று நினைத்தேன்.

இல்லை. முனகியது நான்.

அதே மெட்டு... கடைசி ஸ்வரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். சட்டென்று வாயைப் பொத்தினேன்.

திரும்பினேன். கதவருகே தங்கை. தலை வாரியிருந்தாள். செருப்புப் போட்டிருந்தாள்.

"ஏன்ணா நிறுத்திட்டே?" என்றாள். "அவர் வெளியில நிக்கிறார்."