நேராகிப் போன தண்ணீர்

வேதியியல் வகுப்புக்கு மாதிரிகள் செய்து கொடுக்கும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் டிரில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் உருண்டைகளில் துளை போடுவது அவள் வேலை. கறுப்பு உருண்டை கார்பன், சிவப்பு ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன். துளைகளில் குச்சியைச் செருகிக் கோத்துவிட்டால் அது ஒரு மூலக்கூறு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு மூலக்கூறு என்றால் என்னவென்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. துளை சுத்தமாக விழ வேண்டும், பிசிறு தட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த மெஷினுக்கு வந்து சேர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வருஷக்கணக்காக அட்டைப்பெட்டி மடித்துக் கொண்டிருந்தவள். துளை போட்டுக் கொண்டிருந்த ஆள் வேறு வேலைக்குப் போனதும் முதலாளி முன்னால் போய் நின்று, நான் செய்கிறேன் என்றாள். பொம்பளைக்கு எதற்கு இந்த மெஷின் என்று இழுத்தார் அவர். அப்புறம் அரை மனதோடு, "பாக்கலாம். ஒரு லாட், ஒரே ஒரு மூட்டை வீணாச்சுன்னா மறுபடியும் அட்டைப்பெட்டிதான்" என்றார். முதல் நாள் தலையெல்லாம் சிவப்புச் சுருள் தூளோடு வீட்டுக்குப் போனாள். பட்டறையையே தலையில் தூக்கிக் கொண்டு வந்துவிட்டாயா என்று கணவன் கிண்டல் செய்தான். அன்று அவள் தலை வாராமலே சாப்பிட உட்கார்ந்தாள். அந்தத் தூள் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று இருந்தது.

துளை வெறும் கைக்கணக்கில் விழுவதில்லை. உருண்டையைக் கவ்விப் பிடித்துச் சாய்வைக் காட்டிக் கொடுக்க ஓர் இரும்புக் கட்டை உண்டு. பட்டறையில் அதை ஜிக் என்பார்கள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு ஜிக். அந்த வாரம் கார்பன் டை ஆக்சைடுக்குக் கறுப்பு உருண்டைகள் ஓடின. அதற்கு இரண்டு துளையும் நேரெதிராக விழ வேண்டும். அது முடிந்ததும் தண்ணீருக்குச் சிவப்பு உருண்டைகள். முதலாளி பின்னால் நின்று போனில் ஆர்டர் கொடுத்த பள்ளிக்கூடத்திடம், நாளைக் காலையில் வண்டி கிளம்பிவிடும் என்று அடித்துச் சொல்லிக் கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் மூட்டையைப் பிரித்தவள் ஜிக்கை மாற்ற மறந்தே போனாள்.

மூட்டை முழுக்க முடிந்த பிறகு சும்மா ஒன்றைக் கோத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வழக்கமாக இரண்டு வெள்ளை உருண்டையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காது வைத்த பொம்மை போல இருக்கும். இது தராசுக் கோல் மாதிரி நேராக நின்றது. ஜிக்கைத் திரும்பிப் பார்த்தாள், கறுப்புக்குப் போட்டதே இன்னும் மாட்டியிருந்தது.

பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் பெரியவரை டேப்பு அண்ணன் என்பார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இதை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகள் ஒரே வாரத்தில் உடைத்துவிடும், பேசாமல் பெட்டியில் போடு என்றார். உண்மையைச் சொன்னால், நேராக இருந்ததுதான் அவள் கண்ணுக்கு அழகாகவும் பட்டது. சொன்னால் மெஷின் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றைப் பைக்குள் போட்டுக் கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அக்கா மகள் தங்கிப் படித்துக் கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அதுவும் வேதியியல். சமையலறையில் காய் நறுக்கிக் கொண்டிருந்தவளிடம் சித்தி அதை நீட்டினாள். பார்த்ததும் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி, அவ்வளவு பெரிய தப்பா?"

"தெரியல சித்தி. தண்ணி வளைஞ்சிருக்கும்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா நேரா இருந்தா என்ன ஆகும்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. என்னத்தைப் படிச்சேனோ."

பிறகு ஒவ்வொன்றாக, தனக்கே சொல்லிக் கொள்வது போலச் சொன்னாள். ஆக்சிஜன் கொஞ்சம் ஆசை பிடித்தது. பொதுவில் இருக்கும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். அதனால் சிவப்பின் பக்கம் லேசாக மைனஸ், வெள்ளையின் பக்கம் லேசாக பிளஸ். மூலக்கூறு வளைந்திருப்பதால் இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. ஒன்றின் வெள்ளை பக்கத்தில் இருப்பதன் சிவப்பைப் பிடிக்கிறது. அது இன்னொன்றைப் பிடிக்கிறது. இப்படிப் பிடித்துக் கொண்டுதான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது.

"நேரா இருந்தா?"

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பு, ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிடும். இப்படி இறுக்கிப் பிடிச்சுக்காது. நீங்க போட்ட கறுப்பு உருண்டை இருக்கே, கார்பன் டை ஆக்சைடு, அது அப்படித்தான். தண்ணியவிடக் கனமான மூலக்கூறு சித்தி அது. ஆனா நிக்காது, காத்தாப் போயிடும்."

"அப்ப தண்ணியும்?"

"போயிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"கடலு?"

அதுவும்தான் என்பது போலப் பெண் தலையை ஆட்டினாள். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு, விழ மனமில்லாமல் தொங்கிக் கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். கொடியில் ஈரத்துணி, பாத்திர மூடியின் அடியில் முத்து முத்தாக ஆவி, அப்போதுதான் உள்ளே வந்த கணவனின் கழுத்தில் வேர்வை. அத்தனையும் ஒரு சாய்வில் நிற்கிறது. அந்தச் சாய்வு தினமும் அவள் கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. என்ன இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நிற்கிறீர்கள் என்று அவன் கேட்டான்.

காலையில் வண்டி வருவதற்கு முன்னால் முதலாளியிடம் சொல்லிவிட்டாள். அவர் குதித்தார். மெஷினைக் கொடுத்தபோதே நினைத்தேன் என்றார். யாருக்கும் தெரியாததை ஏன் தோண்டி எடுத்தாய் என்றார். கடைசியில் போனை அவள் கையில் திணித்து, பள்ளிக்கூடத்துக்கு நீயே பதில் சொல் என்றார்.

எடுத்தது வேதியியல் டீச்சர்.

"டீச்சர், தண்ணி நேராயிடுச்சு. அதை அனுப்ப முடியாது. சரியா போட்டு அனுப்பறேன், கொஞ்சம் டைம் குடுங்க."

நேராகவா என்று திரும்பக் கேட்டார் அவர். பிறகு, தாமதமானாலும் பரவாயில்லை, நேரானதிலும் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்கள் என்றார் டீச்சர். வளைந்ததை மட்டும் காட்டினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், இரண்டையும் கையில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார்.

முதலாளி அதைக் கேட்டுக் கொண்டு நின்றார். மீதி நேர் உருண்டைகளைத் தூளாக அரைக்கப் போடச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அவள் தானாகவே அட்டைப்பெட்டி மேஜைப் பக்கம் நகர்ந்தாள். "வாங்க, உங்க இடத்தை இன்னும் யாருக்கும் தரல" என்றார் டேப்பு அண்ணன். அந்த டேப்பை வாயில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தபடி ஓர் அட்டையை எடுத்து மடித்தாள்.

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "அங்க என்ன வேலை உனக்கு? சாயங்காலத்துக்குள்ள புது லாட் வேணும். முதல்ல ஜிக்கை மாத்து."

ஜிக்கை மாற்றினாள். திருகை இறுக்கி, இன்னொரு முறை இறுக்கினாள். சிவப்பு உருண்டை ஒன்றை அதில் வைத்தபோது கை நடுங்கியது. இத்தனை நாளில் ஒருமுறைகூட நடுங்காத கை.

முதலாளியைக் கண்டு இவ்வளவு பயமா என்று கேட்டார் டேப்பு அண்ணன்.

"அவரைக் கண்டு இல்லண்ணே, இந்தச் சாய்வைக் கண்டு" என்றாள். நடுக்கம் அடங்கட்டும் என்று சற்றுக் காத்திருந்துவிட்டு, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கினாள்.