நிதானமாகப் போட்ட விடைகள்

எங்கள் தேர்வு அலுவலகத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். நர்ஸ் உரிமத் தேர்வு எங்களுடையது. சரியாகப் பதில் போட்டால் கம்ப்யூட்டர் அடுத்து கடினமான கேள்வியைத் தரும். தப்பாகப் போட்டால் சுலபமானதைத் தரும். ஆளுக்கு ஆள் கேள்வி மாறும். அப்படியும் சில கேள்விகள் வெளியே கசிந்துவிடும், சனியன். தட்டுத்தடுமாறி வருகிறவர்கள்கூட ஒரு கடினமான கேள்வியை மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் சரியாகப் போட்டால், அது கசிந்த கேள்வி. அவள் அதைக் கேள்வித் தொகுப்பிலிருந்தே தூக்கிவிடுவாள். பக்கத்து நாற்காலியில் நான் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் மூன்றைப் பிடித்திருப்பாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

நேற்று அவள் தம்பி தேர்வு எழுதினான். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டைவிட்டவன். இதுதான் கடைசி வாய்ப்பு. மதியம் ஒரு மருந்தளவுக் கணக்கு கசிந்திருப்பது தெரிந்தது. அந்தக் கேள்வி வந்தவர்களில் தம்பியின் பதிவு எண்ணும் இருந்தது. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"பயமா இருக்கு. நீயே பாரேன்," என்றாள்.

பார்த்தேன். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு தப்பாகப் போட்டிருந்தான். சொன்னதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி தப்பு செய்ததற்குச் சந்தோஷப்பட்ட அக்காவை நேற்றுதான் பார்த்தேன். சாயங்காலம் அவன் தேறிவிட்டதாகவும் தெரிந்தது.

இன்று காலை பேயறைந்த மாதிரி வந்து உட்கார்ந்தாள். ராத்திரி சாப்பிடும்போது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

"அந்தக் கணக்கு எல்லார் போன்லயும் சுத்துதுக்கா. வேணும்னேதான் தப்பா போட்டேன். டக்குனு சரியா போடுறவன்தான் மாட்டுவான்னு நீதானே சொல்லுவ."

"அப்ப மத்த கேள்வியெல்லாம்?"

"அதுவும் போன்ல பாத்ததுதான். ஆனா சில பேர்கிட்ட மட்டும் வந்தது. எல்லாத்தையும் நிதானமா, சரியா போட்டேன்."

வீட்டில் வாய் ஓயாமல் வேலைக் கதை பேசியவள் இவள்தான். சுத்தமானவை என்று நாங்கள் விட்டுவைத்த கேள்விகளில் இன்னும் எத்தனை இப்படியோ. அடுத்த மாதம் இவன் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ மருந்தை அளந்து ஊசியில் ஏற்றுவான்.

தம்பியின் எண்ணைத் திரையில் எடுத்து, புகார் எழுதி முடித்திருந்தாள். அனுப்புகிற பொத்தான் மட்டும் பாக்கி. மவுஸை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குக் கை வரமாட்டேங்குது. நீ அமுக்கிடு," என்றாள். "அம்மா கேட்டா நான்தான் அமுக்கினேன்னு சொல்லிக்கிறேன்."