விராலுக்கு வாங்கிய முள்

ஆபரேஷன் புண் ஆற விரால் மீன் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் டாக்டர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மனைவியைத் திருச்சியிலிருந்து கூட்டி வந்ததும், ஜெயங்கொண்டம் மார்க்கெட்டில் விரால் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

“இது பண்ணை மீனுங்க. ஏரி விரால் கெடைச்சா கொண்டாங்க.”

மீனை மோந்து பார்த்தே எந்த ஏரி என்று சொல்கிறவள். அவளிடம் என் பாச்சா பலிக்காது.

உடையார்பாளையம் பக்கத்து ஏரியில் தூண்டில் போடலாம் என்று முள் வாங்கப் போனேன். விராலுக்கு என்றதும் கடைக்காரர் சுண்டுவிரல் நீளத்தில் பெரிய முள்ளாக எடுத்து வைத்தார்.

“அந்த ஏரில இப்ப ஜிலேபிக் கெண்டைதான் கெடக்கு. சின்ன முள்ளும் எடுத்துக்கங்க.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “கேட்டத குடுங்க” என்றேன்.

தவளைக் குஞ்சின் முதுகுத் தோலில் மட்டும் முள்ளைக் கோத்து, நீந்த விட வேண்டும். ஆழமாகக் குத்தினால் செத்துவிடும். செத்த தவளையை விரால் சீண்டாது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். தினமும் காலையில் லாரி எடுக்கப் போவதற்கு முன் கரையில் உட்கார்ந்தேன். தவளையை எதுவும் தொடவில்லை. மண்புழு கோத்துப் பார்த்தால் ஜிலேபிகள் வந்து கொறித்துத் தின்றுவிட்டுப் போயின. அவற்றின் சின்ன வாய்க்குள் அந்த முள் எங்கே நுழையும்? பக்கத்தில் தூண்டில் போட்டவர்கூடச் சொன்னார், முள்ளை மாத்துங்க என்று. மாற்றினால் விராலைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். பயமாக இருந்தது.

நடுவில் மறுபடி திருச்சிக்குப் போனோம். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, “இனிமே பத்தியம் வேண்டாம். அவங்களுக்கு என்ன பிடிக்குதோ குடுங்க” என்றார். நல்ல சேதி என்றுதான் நினைத்தேன், முட்டாள் மாதிரி. பஸ் அரியலூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போய்ச் சின்ன முள் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மைதா மாவை மிளகு அளவுக்கு உருட்டிக் கோத்துப் போட்டேன். போட்டதும் ஜிலேபி மாட்டியது. இத்தனை சுலபமா என்று எரிச்சல்தான் வந்தது.

அன்று மதியம் குழம்பு வைத்து, சதையை மட்டும் உதிர்த்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். விரால் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மெதுவாக மென்று விழுங்கிவிட்டாள்.

“ஏரி விராலேதான். இப்பதான் மீன் மாதிரி இருக்கு.”

எனக்காகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் நாக்குக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“இனி புண்ணு ஆறிடும்லங்க?” என்று கேட்டாள்.

ஆறிடும் என்று சொல்லி அடுத்த வாயைப் பிசைந்தேன்.