துக்கத்துக்கு வந்தவர்

எழுபதுகளில் ஒரு மத்தியானம், காரைக்குடிக் கொட்டகையில் இத்தாலியக் கொலைப் படம் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் புதுவயல் ரைஸ்மில் தொழிலாளி ஒருவர், புருவமெல்லாம் தவிடு. திரையில் கறுப்புக் கையுறை மாட்டிய எவனோ பெண்களை ஒவ்வொருத்தியாகக் கொன்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு சாவுக்கும் இவர் தோள் துண்டை இறக்கி மடியில் வைத்தார். பிறகு மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கொலைகாரன் யாருன்னு நினைக்கிறீக?" என்றேன்.

"அவனைத்தான் எல்லாரும் தேடுறாகளே தம்பி. செத்த பிள்ளைகளுக்கு அழ ஒரு ஆளு வரலையே."

படம் விட்டதும் கொட்டகைக் குழாயடியில், துக்க வீட்டிலிருந்து திரும்பியவர்போல, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டு வாசலில் என் கால் உள்ளே போகத் தயங்கியது.