நாற்பத்தொரு கறுப்பு

ரெங்கானிஸ் தன் பத்திரிகைக்கு வைத்த பெயர் ‘காந்தெங்’. வீட்டில் கிட்டார் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிற சொல் அது. ஒரே இரைச்சல், நிறுத்தித் தொலை என்று அர்த்தம். அட்டையில் அந்தச் சொல்லை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததும் அம்மா, “என் வாயில வர்றத எல்லாம் எடுத்துட்டுப் போய் காலேஜ்ல மார்க்கு வாங்கப் போறியா?” என்று கேட்டாள். ஆனாலும் அட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

பாண்டுங் நகரத்தின் கிழக்கு ஓரம், உஜுங்பெருங். ராக் இசையில் இருப்பதிலேயே முரட்டு வகையை வாசிக்கிறவர்கள் அங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ரெங்கானிஸ் அந்தத் தெருக்களில் ஒன்றில் பிறந்து, வரைகலைக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிப்பவள். தன் ஊர்ச் சத்தத்தையே பத்திரிகையாக வடிவமைப்பதுதான் அவளுடைய இறுதித் திட்டம். முப்பத்திரண்டு பக்கத்தையும் முப்பத்திரண்டு கட்டமாக வரைந்து அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். எந்தப் பக்கத்தில் பேட்டி, எதில் படம், எங்கே மூச்சுவிட வெறும் இடம் என்று மூன்று மாதம் கட்டங்களை இடம் மாற்றி மாற்றி ஒட்டியதில் சுவர்ச் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அறுபது வாசகர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருந்தாள். எழுத்துருக்களையும் முடிவு செய்துவிட்டாள். பாக்கி இருந்தது பதினாறும் பதினேழும்தான், நடுப்பக்கம். பின் அடித்த பத்திரிகையில் அந்த இரண்டு பக்கம் மட்டும்தான் ஒரே தாளாக, வெட்டுப்படாமல் விரியும். பத்திரிகையைத் தூக்கி எவர் உதறினாலும் தானாகத் திறந்துகொள்வதும் அந்த இடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பெரிய கச்சேரி. எழுநூறு படம் எடுத்தாள். அதில் ஆகச் சிறந்ததை, பாடகன் ஒருவன் முடியை விரித்துப்போட்டு வானத்தைப் பார்த்து அலறுகிற படத்தை, நடுப்பக்கத்தில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை லாரஸ் மேடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஐந்து முறை பார்த்து அனுமதி அட்டையின் ஐந்து கட்டத்திலும் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வுக் குழுவுக்கு முன்னால் நிற்க முடியும். ரெங்கானிஸின் அட்டையில் நான்கு கட்டம் நிரம்பியிருந்தது.

மேடம் நடுப்பக்கத்தை விரித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“யார் இது?”

பெயரைச் சொன்னாள்.

“பேரு கேக்கல. போன வருஷம் ஒருத்தன் இதே பத்திரிகை கொண்டாந்தான். அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு பேர். எல்லாத்துலயும் நடுவுல ஒரு ஆம்பள முடிய விரிச்சுக்கிட்டுக் கத்தறான். இது உங்க ஊரு பத்திரிகைன்னு நான் எத வச்சும்மா கண்டுபிடிக்கணும்?”

“மேடம், வாசகர்கள்ல நாப்பத்தெட்டு பேர் நடுப்பக்கத்துல போஸ்டர்தான்...”

“கேட்டா போஸ்டர்னுதான் சொல்லுவாங்க. அவங்க வேற என்னத்தப் பாத்திருக்காங்க? வியாழக்கிழமை வா. இந்த ரெண்டு பக்கத்துல என்னைய ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன்னா கையெழுத்து. இல்லேன்னா அடுத்த அரையாண்டு பாத்துக்கலாம்.”

அடுத்த அரையாண்டு என்றால் இன்னொரு முறை முதலிலிருந்து. கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போன பிறகு, அதே சுவர், அதே முப்பத்திரண்டு கட்டம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தெதென் அண்ணனைத் தேடிப் போனாள். மேடையில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தெதென், பகலில் சந்தையில் கோழி உரிக்கிறவர். அவர்கள் குழு முதன்முதலில் அச்சடித்த பனியன் ஒன்று அவரிடம் இருப்பதாகக் கேள்வி. அதைப் படம் எடுத்தாலாவது நடுப்பக்கத்துக்கு ஆகுமா என்று பார்க்கத்தான் போனாள்.

“அது கோகொம் சித்தி வீட்டுல கெடக்கு, தங்கச்சி. ஞாயித்துக்கிழமை சேத்துல பொரண்டுச்சுல்ல, எல்லாமே அங்கதான் கெடக்கும். போ, போய்ப் பாரு. ஆனா சித்திகிட்ட அவசரம்னு சொல்லிடாத. வேணும்னே ரெண்டு நாள் தள்ளிக் குடுப்பாங்க.”

கோகொம் சித்தியை ரெங்கானிஸுக்குத் தெரியாமல் இல்லை. துணி துவைப்பவர், பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. ஆனால் அந்தச் சந்துக்குள் அவள் போனதில்லை. போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சந்தின் இரண்டு பக்கமும் மாடி வீடுகள் எழும்பி வெயிலை மறைத்திருந்தன. சுவருக்குச் சுவர், குறுக்கும் நெடுக்கும் கயிறு. கயிறு முழுக்கக் கறுப்புப் பனியன். ஒன்றுகூட வேறு நிறமில்லை. மலையிலிருந்து இறங்கிய காற்றில் எல்லாம் ஒரே நேரத்தில் கொஞ்சம் முன்னால் வந்து, ஒரே நேரத்தில் பின்னால் போயின. மைதானத்தில் மூவாயிரம் பேர் குதித்தபோதுகூட அவள் இப்படி நின்று பார்க்கவில்லை.

“யாரு, ரெங்காவா? குனிஞ்சு வா பாப்பா, தலை பட்டா மறுபடி அலசணும்.” சித்தி கீழே முக்காலியில் உட்கார்ந்து வாளியில் எதையோ பிழிந்துகொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு. கை மட்டும் வேறு யாருடையதோ போல் பெரிதாக இருந்தது.

கோகொம் பதினெட்டு வருஷம் மஜலாயாவில் ஒரு துணி ஆலையில் சாயப் பிரிவில் வேலை பார்த்தவர். கறுப்புத் தொட்டிதான் அவருடையது. கல்யாணத்தன்று மருதாணி வைக்க வந்தவள் முழங்கை வரை கறுத்திருந்த கையைப் பார்த்து, எங்கேடி வைப்பது என்று கேட்டாளாம். ஆலை மூடியதும் இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தார். இயந்திரத்தில் போட்டால் பனியன் படம் வெடித்து உதிர்ந்துவிடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் புலம்பியதைக் கேட்டு, குடு பார்க்கலாம் என்று வாங்கினார். படம் அப்படியே இருந்தது. கறுப்பும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷமாக உஜுங்பெருங்கின் கறுப்பு முழுவதும் அவர் கை வழியாகத்தான் போய்வருகிறது. குர்ஆன் வகுப்பில் ஒரு பெண்மணி, “பேய்ப் படம் போட்ட துணியத் தொடறியே, பயமா இல்ல?” என்று கேட்டதற்கு, “பேயும் அழுக்காத்தானே வருது, துவைச்சு அனுப்பறேன்” என்றாராம். கணவர் ஓமோன் வெள்ளைச் சட்டை மட்டும்தான் போடுவார். அதை அவரே துவைத்துக்கொள்வார்.

ரெங்கானிஸ் கேமராவை எடுத்தாள். எடுத்த பிறகுதான் கவனித்தாள்: ஒரு பனியனிலும் படம் இல்லை. எல்லாம் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் காயப்போட்டிருந்தது. மண்டையோடும் முள்ளும் குழுக்களின் பெயரும் எல்லாம் உள்ளே.

“சித்தி, இதெல்லாம் நேரா திருப்பிப் போட முடியுமா? அந்த மொனையில, வெயில் விழற எடத்துல, ஒரே வரிசையா. அஞ்சே நிமிஷம்.”

“கறுப்ப வெயில்லயா?” சித்தி பிழிவதை நிறுத்தவில்லை. “அஞ்சு நிமிஷம்னு நீ சொல்ற. வெயிலுக்கு அது தெரியுமா? நாலு தடவை அஞ்சு நிமிஷம் போட்டா நாய் நெறத்துக்கு வந்துரும். முடியாது போ.”

“என் படிப்பே இதுலதான் நிக்குது சித்தி.”

“படிப்புக்குத்தானே? இருக்கற மாதிரியே எடு.”

சித்தி தண்ணீர் மாற்ற உள்ளே போனார். ரெங்கானிஸுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் தொங்கிய ஒன்றை எடுத்து மளமளவென்று நேராகத் திருப்பினாள். படம் வெளியே வந்தது. வேர்கள் பின்னிக்கொண்டது போல ஒரு பெயர். நான்கு வருஷம் எழுத்து வடிவம் படித்தவளுக்கே ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. சந்தின் முனைக்கு அதைக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து ஒரு படம் எடுத்தாள். திரும்பினால் சித்தி வாளியோடு நிற்கிறார். பனியனை வாங்கி, உள்ளே கைவிட்டு ஒரே இழுப்பில் மறுபடி திருப்பி, பழைய இடத்திலேயே மாட்டினார். ரெங்கானிஸுக்குக் காது மடல் சுட்டது.

எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டாள். “எல்லாம் திருப்பித்தான் கெடக்கு. எது யாருதுன்னு எப்பிடி சித்தி கண்டுபிடிச்சுக் குடுப்பீங்க? பேரு எழுதி வைக்கலையா?”

“எதுக்கு எழுதணும்?” சித்திக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஈரக் கையை உதறிவிட்டு எழுந்தார். கயிற்றின் ஒரு முனையிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார்.

“இது தெதெனோடது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கும். இப்ப ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சு நான்தான் விட்டுக் குடுத்தேன். பொண்டாட்டி கைப்பக்குவம் அப்பிடி. இது சவுண்டு போடறவனோடது. ஈயம் பத்தவைப்பான்ல, வயித்துல பொட்டுப் பொட்டா ஓட்டை. இது, நீ இப்ப வெயிலுக்குக் கொண்டுபோனது, வேர் கூட்டத்துல கத்தறவன். அக்குள்ல உப்பு பூத்துக் கெடக்கும், மூணு தண்ணி அலசணும். மேடையிலதான் அந்தக் கத்து. வீட்டுல பொண்டாட்டி முன்னால பூனைக்குட்டி.”

“வேர் கூட்டமா? அவங்க பேரு...”

“பேரு யாருக்குத் தெரியும்? அவங்களுக்கே படிக்க வருமோ என்னமோ. எனக்கு வேர், மீன்முள்ளு, காக்காக்கூடு, அவ்வளவுதான். இது மீன்முள்ளுல டிரம்ஸு அடிக்கற பொண்ணோடது. பாரு, கழுத்துப்பட்டை தேயவே தேயாது. மேல முக்காடு விழறதால. தோள்பட்டைதான் போகும்.”

ரெங்கானிஸ் கேமராவைத் தோளில் தொங்கவிட்டாள். பையிலிருந்து தன் மாதிரிப் பத்திரிகையை, வெறும் தாளை மடித்துச் செய்த அந்த முப்பத்திரண்டு பக்கத்தை எடுத்தாள். பதினாறாம் பக்கத்தில் ஓடி ஓடி எழுதினாள். சித்தி ஒன்றில்கூடத் தயங்கவில்லை. சிலதைப் பார்க்கக்கூட இல்லை; விளிம்பை இரண்டு விரலால் தேய்த்ததும் ஆள் வந்துவிடுவான். எவனுக்கு வேலை போயிற்று, எவன் சிகரெட்டை விட்டான், எவனுக்குக் குழந்தை பிறந்து தோளில் பால் கறை வர ஆரம்பித்தது. மூன்று மாதம் பேட்டி எடுத்து இதில் பாதிகூட அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை.

இருபத்தாறாவதில் சித்தி நின்றார்.

“இது யாயானோடது.”

“யாயான் அண்ணனா? அவர் எறந்து...”

“ஆறு வருஷம் ஆச்சு. அவன் அம்மா மாசம் ஒரு தடவை கொண்டாந்து குடுப்பா. ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.”

“அப்ப நீங்க என்ன செய்வீங்க?”

“துவைப்பேன். துவைக்கத்தானே குடுத்தா?” சித்தி அதன் தோள்பட்டைச் சுருக்கத்தை நீவிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தார். “இது காக்காக்கூடு. தடியன். வாளியில இவன் ஒருத்தந்தான் மூணு பேர் எடம் அடைப்பான்.”

ரெங்கானிஸ் ‘துவைக்கத்தானே குடுத்தா’ என்பதையும் எழுதிக்கொண்டுதான் தடியனிடம் வந்தாள்.

நாற்பத்தொன்று. எண்ணி முடித்தபோது சந்தின் நிழலுக்குக் கண் பழகியிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவை ஒரே கறுப்பு இல்லை. ஒன்று நீலத்தில் நின்றது, ஒன்று பழுப்பில். ஒன்று பச்சை ஓடிய கறுப்பு. யாயானுடையது மட்டும் புதிது போல. பத்திரிகை முழுவதும் கறுப்பு கறுப்பு என்று கொட்டி வைத்திருந்தவள் கறுப்பை அன்றைக்குத்தான் பார்த்தாள். எதிர் வீட்டு மாடிப்படியில் ஏறி நின்று, கயிறுகள் இருந்தது இருந்தபடி எடுத்தாள். ஏழே ஏழு படம். இறங்கி வந்ததும் சித்தி பொரித்த சோயாக் கட்டி தஹுவும் பச்சை மிளகாயும் ஒரு தட்டில் வைத்து, “தின்னுட்டுக் கையத் தொடச்சுக்கிட்டு எதையும் தொடு” என்றார்.

வியாழக்கிழமை லாரஸ் மேடம் நடுப்பக்கத்தை விரித்தார். இரண்டு பக்கம் நிறைய, ஓர் எழுத்தும் ஒரு முகமும் இல்லாத நாற்பத்தொரு பனியன். ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் சித்தி சொன்னது, சொன்னபடியே. மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. முதல் கயிற்றில் ஆரம்பித்தார். கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் கயிற்றில் அவர் விரல் நின்றது. ரெங்கானிஸ் எண்ணாமலே தெரிந்துகொண்டாள், இருபத்தாறு.

“பெரிசா தலைப்பு ஒண்ணும் வைக்கலையா?” என்றார் கடைசியில்.

“வைக்கல மேடம்.”

“ஏன் இந்தம்மா எல்லாத்தையும் உள்பக்கமா திருப்பிப் போட்டிருக்காங்க?”

“வெயில் பட்டா வெளுத்துருமாம்.”

மேடம் மறுபடி முதல் கயிற்றுக்குப் போய் வந்தார். பிறகு அட்டையை இழுத்து ஐந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். “பத்திரிகையோட மொத அட்டையில ஒரு மண்டையோடு இருக்கே, அத எடுத்துரு. உனக்கு இனிமே அது தேவைப்படாது.”

அச்சாகி வந்த முதல் பிரதியை ரெங்கானிஸ் மூன்றாவது சந்துக்குக் கொண்டுபோனாள். சித்தி கையை மேல்துண்டில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினார். உதறியதும் நடுப்பக்கம் தானே திறந்துகொண்டது. கயிறு கயிறாகப் பார்த்தார். உதடு அசைந்தது, எழுத்தைப் படிக்கவில்லை, ஆட்களைச் சொல்லிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தது. நாற்பத்தொன்றும் வந்துவிட்டது போல. தலையை ஆட்டினார்.

அப்புறம் கட்டைவிரலை ஒரு பனியன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். மை ஒட்டியிருந்தது.

“சாயம் போகுதேடி,” என்றார். “மொத தண்ணியில உப்பு போட்டிருக்க மாட்டாங்க.”

“அச்சாபீஸ்ல சொல்றேன் சித்தி.”

“சொல்லு.” பத்திரிகையை மூடி, கறுப்பு உள்ளே போகும்படி அழுத்தி மடித்து, வீட்டுக்குள் கொண்டுபோய் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். வெளியே வந்து, “அங்கன்னா வெயிலு எட்டாது” என்று சொல்லிவிட்டு வாளியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.