பதினொரு நாள் பாக்கி

கம்பளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடை. சிகரெட்டுகள் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருக்கின்றன. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவற்றை விற்பதில்லை என்று சுவரில் மும்மொழியில் அறிவித்தல். நான் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு சோடா குடிக்கிறேன்.

கைக்குழந்தையோடு ஒரு தேயிலைத் தோட்டத்து இளைஞன் வருகிறான்; பின்னால் அவன் மனைவி. "நானா, ஒரு சிகரட் குடுங்க."

முதலாளி குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார். "ஐடிய காட்டுங்க மகன்."

அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்று சொல்லும். முதலாளி விரல் விட்டு எண்ணுகிறார்.

"இருபத்தொண்டாக இன்னம் பதினொரு நாள் ஈக்கி. ஏலா மகன்."

"எனக்குப் புள்ளயே பொறந்திருச்சு நானா!"

"புள்ள பெத்துக்க ஏலும். இதுக்கு ஏலா. ஒருத்தன்ட மீசய நம்பிக் குடுத்து, நான் கோட்டுக்குப் போய் தண்டம் கட்டி வந்தவன்."

இளைஞன் என் பக்கம் திரும்புகிறான். என்னை வாங்கித் தரச் சொல்லப்போகிறான். அதற்குள் பின்னால் நின்ற அவன் மனைவி முன்னே வந்து தன் அட்டையை மேசையில் வைக்கிறாள்.

"எனக்கு இருபத்திரண்டு வயசு. எனக்குத் தருவீங்கதானே?"

பெண்கள் வாங்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் முதலாளியின் கை லாச்சிவரை போய் அப்படியே நிற்கிறது.

"ஏய், என்னா பண்ற?" என்கிறான் கணவன்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் அட்டையை எடுத்துக்கொள்கிறாள்.

"சரி நானா, புள்ளைக்கு ஒரு பால்மா பைக்கட் குடுங்க. அதுக்கு யாரும் ஐடி கேக்க மாட்டாங்க."