சாம்பல் நிறத்தில் ஓர் எச்சரிக்கை

தேவராஜ் போன் செய்தபோது நான் அடையாறு ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். "மேடம், எனக்கு ஒரு லெட்டர் வோணும்" என்றார். குரலே சரியில்லை. டப்பாவை மூடிவிட்டேன்.

கே.கே. நகரில் லிஃப்ட் கன்ட்ரோலர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் புரோகிராமர். லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கோட் எழுதுபவர். அதை எழுதுவதற்கான எடிட்டர் சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி. அந்த எடிட்டரில் எது எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று வகை பிரித்தது நான். கட்டளைக்கு நீலம், எண்ணுக்கு ஆரஞ்சு, கமென்ட்டுக்குச் சாம்பல். கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். எட்டு மாதம் அதிலேயே போனது. கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கமென்ட் என்பது மெஷின் கண்டுகொள்ளாத வரி, மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைப்பது. ஆனால் நம் ஆட்கள் பழைய கோட் வரிகளை அழிக்கவே மாட்டார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். வரிக்கு முன்னால் கமென்ட் குறி போட்டு, பக்கத்தில் தன் இனிஷியலையும் தேதியையும் எழுதி, அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்து வருகிறவர் அதற்குக் கீழே தன் பங்குக்கு இன்னொன்று. தேவராஜின் ஃபைலைத் திறந்தால் முக்கால்வாசி ஓடாத வரிகள்தான்.

முதல் டெமோவில் அவரே சொன்னார். "இன்னா மேடம் இது, ஸ்கிரீன் ஃபுல்லா செத்துப்போன கோட்தான் கீது. எது ஓடுது, எது ஓடலைன்னே தெர்ல. பழசெல்லாம் கொஞ்சம் மங்கலாக்கி வுடுங்க."

நியாயமான கோரிக்கை. என் முதல் பட்டியலில் இரண்டும் தனித்தனி வகையாகத்தான் இருந்தன. ஓடாமல் நிறுத்தி வைத்த கோட் ஒன்று, மனிதர் எழுதிய குறிப்பு ஒன்று. ஆனால் எது எதுவென்று எடிட்டர்தான் ஊகிக்க வேண்டும். குறிப்பில் ஒரு எண்ணோ சமக்குறியோ வந்துவிட்டால் அதையும் பழைய கோட் என்று நினைத்துக்கொள்ளும். பத்து நாள் மல்லுக்கட்டினேன். ரிலீஸ் தேதி கழுத்தை நெரித்தது. போதுமடா சாமி என்று இரண்டையும் ஒரே வகையாக்கி, மொத்தத்தையும் வெளிறிய சாம்பலில் தள்ளினேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கிறதாம்.

பிறகு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. லிஃப்ட் கதவு ரொம்ப நேரம் திறந்தே கிடக்கிறது, கூட்டம் நகரவில்லை என்று கடைக்காரர் புகார் செய்திருக்கிறார். தேவராஜ் நான்கு விநாடியை இரண்டாகக் குறைத்தார். அந்த வரிக்கு மேலே பதினான்கு சாம்பல் வரிகள். பதின்மூன்று பழைய கோட். மீதி ஒன்று, அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எழுதி வைத்தது: இங்கே கதவு சென்சார் மெதுவாக வேலை செய்கிறது, மூன்றுக்குக் கீழே குறைக்காதே. துணி பண்டலோடு உள்ளே நுழைந்த ஒரு விற்பனைப் பெண்ணின் மணிக்கட்டு கதவில் சிக்கி எலும்பு முறிந்தது.

"வார்னிங் எழுதிக்கீது, நீ படிக்காம மாத்திட்டேன்றாங்க மேடம்" என்றார் தேவராஜ். "நான் படிச்சிருக்கணும், இல்லேங்கல. ஆனா அந்த வரி தனியா தெரியவே இல்லன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா, வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்க. வெள்ளிக்கெழம என்கொயரி."

அன்றே எழுதினேன். நாலே வரி. பழைய கோட் வரிகளையும் எச்சரிக்கையையும் ஒரே மங்கல் நிறத்தில் காட்டியது எங்கள் வடிவமைப்பின் தவறு என்பது மூன்றாவது வரி. எம்.டி.யிடம் கொண்டு போனேன். அவர் மயிலாப்பூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"மங்கலாக்கச் சொன்னதே அவர்தானேம்மா?"

"பழைய கோட மட்டும்தான் சார் சொன்னார். குறிப்பையும் சேத்து மங்கலாக்கினது நான்."

"இருக்கட்டும். அத எதுக்கு லெட்டர்ஹெட்ல எழுதி மாட்டிக்கணும்? நாளைக்கு எல்லாக் கஸ்டமரும் கெளம்பி வருவா. கலர அவாளே மாத்திக்கலாமோன்னோ, அத எழுதுங்கோ. பொய் இல்லையே."

பொய் இல்லை. அதுதான் எரிச்சல். மூன்றாவது வரி போய், நிறங்களைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி எடிட்டரில் உள்ளது என்ற வரி வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

தேவராஜ் நேரில் வந்து வாங்கிக்கொண்டார். ரிசப்ஷனில் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இத்த குடுத்தா, கலர மாத்தாம வுட்டதும் என் தப்புன்னு ஆய்டும் மேடம்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல. நீங்களும் வேலைல தானே கீறீங்க" என்று சொல்லி, கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை போனது.

அடுத்த ரிலீசில் எச்சரிக்கைக்குத் தனி வகை வைத்தேன். ஊகமே வேண்டாம், எழுதுகிறவரே முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் அந்த வரி அடர் சிவப்பில் தெரியும். மூன்று நாள் வேலை. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. படிக்கும் வசதி மேம்படுத்தப்பட்டுள்ளது என்று ரிலீஸ் நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

ஒன்றை மங்கலாக்கும்போது, கூடவே எதெல்லாம் மங்கிப் போகிறது என்று பாருங்கள். இது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். நான் கற்றது வேறு. அப்போது அந்தக் கம்பெனியில் எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். மூன்றாவது வரி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றிருந்தால், எம்.டி. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். என் வேலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கையெழுத்துப் போடும்போதே அது எனக்குத் தெரியும்.